கவுன்ட்டரில் சொல்வதைக் கடிதத்திலும் எழுதுங்கள்: வரைவு எழுதும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

வட்டாட்சியர் அலுவலகத்திலும் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட ஆட்சியரகத்திலும் வரைவு எழுதும் உதவியாளர்களுக்கும், அதைத் திருத்தும் கண்காணிப்பாளர்களுக்கும், கடைசியில் கையெழுத்திடும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். விண்ணப்பம் பதிவேற்றுவதும் மனு எழுதித் தருவதும் என் வேலை. ஆனால் நேரம் அதிகம் போவது நீங்கள் அனுப்பிய கடிதங்களை மக்களுக்குப் படித்து விளக்குவதில்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மட்டும் வருவதாக நினைக்க வேண்டாம். பட்டதாரிகள் வருகிறார்கள், கணக்கு எழுதுகிறவர்கள் வருகிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள்கூட வருகிறார்கள். "தம்பி, தமிழ்லதான் இருக்கு, ரெண்டு தடவ படிச்சுட்டேன், என்ன செய்யச் சொல்றாங்கன்னு மட்டும் பிடிபடல" என்று கடிதத்தை நீட்டுகிறார்கள்.

உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு மேசையில் எவ்வளவு தபால் குவிகிறது, ஒரே ஆள் எத்தனை பிரிவைச் சேர்த்துப் பார்க்கிறார் என்பதெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்கிறவன் நான். எழுதிய வரைவை, கையெழுத்துக்கு வைக்கும் முன், வாங்கப்போகிறவரின் இடத்தில் உட்கார்ந்து இன்னொரு முறை படித்துத் திருத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். அது எப்படி முடியும், எங்கே கை வைத்தால் அதிகப் பலன் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

பேச்சுக்கு ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஓர் அலுவலகத்தின் கடிதமும் இல்லை, என் கைக்கு வந்த பலவற்றின் சாயலில் நானே எழுதியது:

"பார்வை 1-இல் காணும் தங்களது மனுவின் மீது பார்வை 2-இல் காணும் வருவாய் ஆய்வாளரின் அறிக்கை பெறப்பட்டு பரிசீலனை செய்யப்பட்டதில், மேற்படி மனுவில் கோரப்பட்டுள்ள பொருள் தொடர்பாக உரிய ஆவணங்கள் இணைக்கப்படவில்லை எனத் தெரிய வருவதால், உரிய ஆவணங்களை இக்கடிதம் கிடைக்கப்பெற்ற 15 தினங்களுக்குள் இவ்வலுவலகத்தில் நேரில் ஆஜராகி சமர்ப்பிக்கும் பட்சத்தில் மட்டுமே மேல்நடவடிக்கை மேற்கொள்ள இயலும் என்பதும், தவறும் பட்சத்தில் தங்களது மனு மேல்நடவடிக்கையின்றி முடிவு செய்யப்படும் என்பதும் இதன் மூலம் தெரிவித்துக் கொள்ளப்படுகிறது."

ஒரே வாக்கியம். இலக்கணப்படி பெரிய தப்பு எதுவும் இல்லை. ஆனால் இதை வாங்கியவர் மூன்று விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும்: எந்த ஆவணம், எப்போதைக்குள், கொடுக்காவிட்டால் என்ன ஆகும். முதல் கேள்விக்கு இதில் பதிலே இல்லை, 'உரிய ஆவணங்கள்' என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறதே தவிர. இரண்டாவது பதில் வாக்கியத்தின் நடுவில் புதைந்து கிடக்கிறது. மூன்றாவதைப் படித்துவிட்டு மனு தள்ளுபடி ஆகுமா, நிலுவையில் கிடக்குமா, திரும்ப விண்ணப்பிக்க முடியுமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அதே மனிதர் பஸ் ஏறி உங்கள் அலுவலகத்துக்கு வந்து கவுன்ட்டரில் கேட்கிறார். அந்தக் கடிதத்தை எழுதிய அதே உதவியாளர் நிமிர்ந்து பார்த்து, "அம்மாவோட இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைக்கல பாருங்க, ரெண்டையும் ஜெராக்ஸ் எடுத்து பதினஞ்சு நாளுக்குள்ள கொண்டாந்து குடுத்துடுங்க, ஒரிஜினலையும் எடுத்துட்டு வாங்க" என்கிறார். முடிந்தது. ஒரு மூச்சில் எல்லாம் சொல்லியாகிவிட்டது. வந்தவரும் தலையாட்டிக்கொண்டு போகிறார்.

நான் சொல்ல வந்ததே இதுதான். தெளிவாகச் சொல்லும் திறமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, தினமும் கவுன்ட்டரில் அதைத்தான் செய்கிறீர்கள். அந்த வாய்ப்பேச்சு பேனாவுக்கு வரும்போது காணாமல் போகிறது. திருத்துவது என்றால் இலக்கியத் தமிழுக்கு மாற்றச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கவுன்ட்டரில் சொன்னதை எழுத்து நடைக்குக் கொண்டுவந்தால் போதும்:

"உங்கள் பட்டா மாறுதல் மனுவுடன் இரண்டு ஆவணங்கள் இல்லை: உங்கள் தாயாரின் இறப்புச் சான்றிதழ், அவருடைய வாரிசுச் சான்றிதழ். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் இரண்டின் நகலையும் இந்த அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். சரிபார்க்க அசலையும் கொண்டு வாருங்கள். கொடுக்காவிட்டால் இந்த மனுவை முடித்துவிடுவோம். பிறகு நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்."

சொற்கள் குறைந்துவிட்டன, ஆனால் முன்பு இல்லாத செய்திகள் உள்ளே வந்திருக்கின்றன. 'பார்வை' வரிகள், மனு எண், வருவாய் ஆய்வாளர் அறிக்கையின் தேதி எதுவும் தொலையவில்லை. கடிதத்தின் மேலே 'பார்வை' என்ற தலைப்பில் அவை இருக்கத்தான் செய்கின்றன. அதை வாக்கியத்துக்குள் மறுபடி இழுத்து வர வேண்டியதில்லை.

இப்போது முதல் வரைவு ஏன் அப்படிக் கெட்டியாகிவிடுகிறது என்று பார்க்கலாம், ஏனென்றால் எங்கே இறுகுகிறது என்று தெரிந்தால்தான் அவிழ்க்க முடியும்.

தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. 'பெறப்பட்டு', 'பரிசீலிக்கப்பட்டு', 'தெரிய வருவதால்' என்று எச்சங்களை, அதாவது முடியாமல் நிற்கும் வினைகளை, ஒன்றின்மேல் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகலாம், மொழி தடுக்காது. பேச்சில் இப்படிக் கோத்தால் குரலும் முகமும் துணைக்கு இருக்கும். தாளில் அவை இல்லை, படிக்கிறவர் கடைசிச் சொல் வரும்வரை எல்லாவற்றையும் மனத்தில் சுமந்துகொண்டே வர வேண்டும். சரி, அவ்வளவு தூரம் சுமந்து வந்தவருக்குக் கடைசியில் கிடைக்கும் வினை எது? 'தெரிவித்துக் கொள்ளப்படுகிறது.' அதில் செய்தியே இல்லை. கடிதம் என்றாலே தெரிவிப்பதுதானே. அவர் செய்ய வேண்டிய காரியம் 'சமர்ப்பிக்கும் பட்சத்தில்' என்று எங்கோ நடுவில் ஓர் எச்சமாக ஒடுங்கிக் கிடக்கிறது. அதனால் வரைவைக் கையில் எடுத்ததும் முதலில் செய்யக்கூடியது இது: அவர் செய்ய வேண்டிய காரியம் எந்தச் சொல்லில் இருக்கிறது என்று தேடி, அடிக்கோடிட்டு, அதை ஒரு வாக்கியத்தை முடிக்கும் வினைமுற்றாக ஆக்குங்கள். மற்றவை தானாகத் தனித்தனி வாக்கியமாகப் பிரிந்துவிடும்.

அடுத்தது இந்தப் 'பட்டது', 'படுகிறது'. 'முடிவு செய்யப்படும்' என்றால் யார் முடிவு செய்வார்? 'நிராகரிக்கப்பட்டது' என்றால் கிராம நிர்வாக அலுவலரா, வருவாய் ஆய்வாளரா, வட்டாட்சியரா? எனக்கு இது சாதாரண நடைக்குறையாகத் தெரியவில்லை. யாரிடம் போய்க் கேட்பது என்று மனுதாரருக்குத் தெரியாமல் போகிறது, அதனால் அவர் மூன்று மேசைக்கும் அலைகிறார். அலுவலக மரபில் செயப்பாட்டுவினைக்கு ஒரு பணிவு இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆணை இடுகிறவர் யார் என்ற இடத்தில் அந்தப் பணிவு குடிமக்களுக்கு உதவுவதில்லை. 'வருவாய் ஆய்வாளர் புலத்தணிக்கை செய்தார். நிலம் உங்கள் அனுபோகத்தில் இல்லை என்று அறிக்கை தந்திருக்கிறார். அதன் அடிப்படையில் இந்த மனுவைத் தள்ளுபடி செய்கிறேன்.' இப்படி எழுதினால் எதிர்த்து மேல்முறையீடு செய்யப்போகிறவருக்கும் தெளிவு, பின்னால் அந்தக் கோப்பை எடுத்துப் பார்க்கிற உங்கள் மேலதிகாரிக்கும் தெளிவு.

'பரிசீலனை செய்து', 'ஆய்வு மேற்கொண்டு', 'சமர்ப்பிக்கும் பட்சத்தில்' இவையெல்லாம் எளிதில் கரைந்துவிடும். பரிசீலித்து, ஆராய்ந்து, கொடுத்தால். இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, பேனாவை எடுத்து அடித்தாலே போதும்.

அதிகம் சொல்ல வேண்டியது அடைகளை, அதாவது ஒரு பெயருக்கு முன்னால் நின்று அதை விவரிக்கும் சொற்களைப் பற்றி. 'இறந்த முருகேசனின் மகன் செல்வம்' என்று ஒரு வரி எழுதுகிறோம். இறந்தவர் முருகேசனா, செல்வமா? தமிழில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. கோப்பைப் பார்த்து எழுதுகிறவருக்கு விடை தெரியும், அதனால் அவர் கண்ணுக்குக் குழப்பம் படாது. வாரிசுச் சான்றிதழ் வேலையில் இந்த ஒரு வரி என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'முருகேசன் இறந்துவிட்டார். அவருடைய மகன் செல்வம்...' என்று பிரித்துவிட்டால் சிக்கல் இல்லை. 'மேற்படி', 'அன்னார்' என்று எழுதும்போதும் இதே கதைதான். ஒரு கடிதத்தில் மனுதாரர், எதிர்மனுதாரர், முன்னாள் உரிமையாளர் என மூன்று பேர் இருக்கும்போது 'அன்னார்' யார்? பெயரையே திரும்ப எழுதுங்கள். நீளம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுருக்கினால் தெளிவாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதை நான் முழுதாக ஏற்கவில்லை. என் மையத்தில் கணினித் திரையில் வரும் நிராகரிப்புக் குறிப்புகள் மிகவும் சுருக்கமானவை. 'உரிய ஆவணம் இல்லை.' 'தகவல் சரியில்லை.' சில நேரம் ஒரே ஒரு சொல். அதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது, அதைவிட உதவாத எழுத்தும் கிடையாது. வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்த மாணவியிடம் எந்தத் தகவல் சரியில்லை என்று நான் எதை வைத்துச் சொல்வது? ஊகித்து ஓர் ஆவணத்தை மாற்றிப் போடுகிறோம், மறுபடி கட்டணம் கட்டுகிறார், மறுபடி அதே குறிப்பு வருகிறது. அதற்குள் கல்லூரியில் உதவித்தொகைக்குக் கடைசித் தேதி போய்விடுகிறது.

பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று பத்தைச் சொல்கிறார். அதில் முதலில் நிற்பது 'குன்றக் கூறல்', தேவையானதைவிடக் குறைவாகச் சொல்வது. 'மிகைபடக் கூறல்' அதற்கு அடுத்துதான். 'கூறியது கூறல்' மூன்றாவது, கொஞ்சம் தள்ளி 'மயங்க வைத்தல்'. பத்து அழகுகளைச் சொல்லும்போதும் 'சுருங்கச் சொல்லல்' என்றதும் நிறுத்தாமல் உடனே 'விளங்க வைத்தல்' என்கிறார், அப்புறம் 'முறையின் வைப்பு' என்று வரிசையையும் ஓர் அழகாக வைக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கி மறந்துபோன சூத்திரங்கள் இவை. ஒரு வரைவைத் திருத்த உட்காரும்போது பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள இதைவிட நல்ல பட்டியல் எனக்குத் தெரியாது. 'உரிய ஆவணம் இல்லை' என்ற குறிப்பு முதல் குற்றம், நான் மேலே காட்டிய நீண்ட கடிதம் இங்கே சொன்ன நான்கு குற்றங்களையும் சேர்த்தே செய்கிறது.

அந்த 'முறையின் வைப்பு' விசாரணை அழைப்புக் கடிதங்களில் உயிர்நாடி. ஒரு பாட்டி, எல்லைத் தகராறு விசாரணைக்கான கடிதத்தோடு வந்தார். அதில் ஐந்து தேதிகள் இருந்தன: கடிதத்தின் தேதி, அவர் மனு கொடுத்த தேதி, எதிர்த்தரப்பு ஆட்சேபணை கொடுத்த தேதி, வருவாய் ஆய்வாளர் அறிக்கை தேதி, கடைசியாக விசாரணை தேதி. அவருக்குத் தேவைப்பட்டது ஐந்தாவது மட்டும். மற்ற நான்கும் அதே எழுத்தில், அதே அளவில், அதற்கு முன்னால் நின்றன. அவர் வந்த அன்று விசாரணை நாள் கடந்துவிட்டிருந்தது. பேரன் படித்துக் காட்டியிருக்கிறான், அவன் கண்ணில் பட்டது முதலில் இருந்த தேதிகள். எதிர்த்தரப்பு மட்டும் ஆஜரானதாகப் பதிவாகிவிட்டது. அந்தப் பேரன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான், தமிழில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவன். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கிழமை, தேதி, நேரம், இடம், எடுத்து வர வேண்டியவை இந்த ஐந்தும் கடிதத்தின் முதல் வரியிலேயே, கொஞ்சம் தடித்த எழுத்தில் இருந்திருந்தால் அந்த அம்மாள் அன்று அங்கே நின்றிருப்பார்.

'நீதிமன்றத்துக்குப் போனால் நிற்க வேண்டுமே, தணிக்கையில் கேள்வி வருமே, அதனால்தான் இப்படி எழுதுகிறோம்' என்று நீங்கள் சொல்வீர்கள். நியாயமான அச்சம்தான். சட்டப் பிரிவு எண், புல எண், உட்பிரிவு எண் எதையும் விடச் சொல்லவில்லை. அவை துல்லியமாக இருக்கட்டும், அவற்றை முதல் வாக்கியத்திலிருந்து கீழே இறக்குங்கள், அவ்வளவுதான். சட்டமே உங்கள் பக்கம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(1)(ஈ), நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்படுகிறவர்களுக்குத் தர வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 7(8), தகவல் தர மறுக்கும்போது மூன்றைச் சொல்லச் சொல்கிறது: மறுப்பதற்கான காரணம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், யாரிடம் செய்யலாம். நல்ல பதில் கடிதத்துக்கு அந்தப் பிரிவே ஒரு மாதிரி. ஆனால் நடைமுறையில் எங்களுக்கு வரும் பதில்களில் 'பிரிவு 8(1)(j)-இன் கீழ் வழங்க இயலாது' என்று முடிந்துவிடுவன உண்டு. அந்தப் பிரிவு தனிநபர் பற்றிய தகவலைச் சொல்வது என்று வாங்கியவருக்கு எப்படித் தெரியும்? 'நீங்கள் கேட்டது இன்னொருவரின் சொந்தத் தகவல், அதனால் தர முடியாது' என்று ஒரு வரி, அதற்கு அடுத்துப் பிரிவு எண், அதற்கு அடுத்து '30 நாளுக்குள் இவரிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம்' என்று ஒரு வரி. நீதிமன்றத்தில் இது எந்த வகையிலும் பலவீனமான கடிதம் ஆகாது.

நேரம் இல்லை என்பது இன்னொரு பதில். எனக்கு இதுதான் உண்மையான தடையாகத் தெரிகிறது. எல்லாக் கடிதத்தையும் உட்கார்ந்து செதுக்க முடியாது. ஆனால் உங்கள் கடிதங்களில் பெரும்பாலானவை புதிதாக எழுதப்படுபவை இல்லையே? பழைய கோப்பை எடுத்து, பெயரையும் புல எண்ணையும் மாற்றி, மீதியை அப்படியே தட்டச்சு செய்வதுதானே வழக்கம். அப்படியானால் திருத்த வேண்டியது அந்தப் பார்மட்டை. அதை ஒருமுறை நன்றாகத் திருத்திவிட்டால் அடுத்த பல வருடங்களுக்கு அதிலிருந்து பிறக்கும் எல்லாக் கடிதமும் திருந்தியே பிறக்கும். அது மட்டும் இல்லாமல், கடிதம் புரியாமல் கவுன்ட்டருக்கு விளக்கம் கேட்க வருகிற கூட்டம் குறையும். அந்தக் கூட்டத்துக்குப் பதில் சொல்வதில் உங்கள் காலைப்பொழுது எவ்வளவு போகிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

திருத்திய வரைவு புரிகிறதா என்று சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் பிரிவில் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள், வெளியே பெஞ்சில் காத்திருக்கும் யாரிடமாவது கொடுத்தால் இன்னும் நல்லது. பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டுக் கொடுங்கள். 'புரியுதா' என்று மட்டும் கேட்காதீர்கள். அரசு அலுவலகத்தில் யாரும் 'புரியல' என்று சொல்ல மாட்டார்கள், மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். 'இந்தக் கடிதம் உங்களுக்கு வந்தா நாளைக்கு என்ன செய்வீங்க?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் நீங்கள் நினைத்ததோடு ஒத்துப்போனால் வரைவு சரி. ஒத்துப்போகாவிட்டால், அவர் எந்த இடத்தில் வேறு பக்கம் திரும்பினார் என்று பார்த்து அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள்.

தமிழ் வளர்ச்சித் துறைக்கும் ஒரு வேண்டுகோள். 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அலுவலகங்களில் தமிழைக் கொண்டுவர நீங்கள் பயிலரங்குகள் நடத்துகிறீர்கள், ஆய்வு செய்கிறீர்கள், நல்ல வரைவும் குறிப்பும் எழுதுகிறவர்களுக்குப் பரிசு தருகிறீர்கள். அதற்கெல்லாம் மனமார்ந்த நன்றி, அந்த உழைப்பு இல்லாவிட்டால் இந்தக் கடிதங்கள் இன்னும் ஆங்கிலத்தில்தான் வந்துகொண்டிருக்கும். இனி ஆய்வுக்குப் போகும்போது கடிதம் தமிழில் இருக்கிறதா என்பதோடு, பெற்றவருக்கு விளங்குமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்வீடனில் 2009-இல் வந்த மொழிச் சட்டம் அரசு எழுத்து எளிமையாகவும் புரியும்படியும் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது, அமெரிக்காவில் 2010-இல் எளிய எழுத்துக்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். நமக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பயிலரங்கில் ஒரு மதியப் பொழுதை ஒதுக்கி, கலந்துகொள்ளும் அலுவலகங்களின் உண்மையான கடிதங்களையே எடுத்துப் போட்டு எல்லோரும் சேர்ந்து திருத்திப் பார்க்கலாம். பரிசுக்கு வரும் வரைவுகளை, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் இரண்டு பேரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு மதிப்பெண் போடலாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், மூன்று பார்மட்டுகளில் தொடங்குங்கள் என்பேன்: ஆவணம் குறைகிறது என்று சொல்லும் கடிதம், மனுவைத் தள்ளுபடி செய்யும் ஆணை, விசாரணைக்கு அழைக்கும் கடிதம். மக்கள் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவதில் முக்கால்வாசி இந்த மூன்றுதான். எந்த அலுவலகமாவது இவற்றைத் திருத்திவிட்டுப் படித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று நினைத்தால், அருகில் இருக்கும் இ-சேவை மையத்துக்கு ஒரு நகலைக் கொடுத்தனுப்புங்கள். எங்களிடம் வரிசையில் நிற்பவர்களிடம் காட்டி, எந்த வரியில் தடுக்கி நிற்கிறார்கள் என்று ஓரத்தில் குறித்து மறுநாளே திருப்பி அனுப்புகிறோம்.

அன்புடன்,
மனு எழுதித் தரும் ஓர் இ-சேவை மையப் பணியாளர்